பழைய லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்கு எந்த கேஸ் தாங்கும்?

லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாற்றினால், கழற்றிய ஹார்டு டிஸ்க்கை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 500 ஜிபியோ 1 டிபியோ இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் அதற்கு வேலை தேட வேண்டியதில்லை. கல்யாண வீடியோ, சாந்திக் கல்யாணப் போட்டோ, ஸ்கேன் செய்த இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஏடு), வீட்டுப் பத்திரம், பர்மா மலேயா காலத்துப் பேரேடு என்று சேர்க்க எவ்வளவோ இருக்கிறது. பங்காளிகள் நாலு ஊரில் இருப்பதால் அந்த டிஸ்க் பள்ளத்தூரிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து கோலாலம்பூருக்கும் பையோடு பையாகப் போய் வரும். கழற்றிய டிஸ்க்கை உள்ளே வைத்து, யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைக்க உதவும் பெட்டிதான் கேஸ். மேசையை விட்டு நகராத டிஸ்க்குக்கு எந்த கேஸும் போதும். கை மாறிக்கொண்டே இருக்கும் டிஸ்க்குக்குத்தான் கேஸைப் பார்த்து வாங்க வேண்டும்.

கடையில் எடுத்து வைப்பதெல்லாம் தடித்த ரப்பர் விளிம்பும் முரட்டு மூலைகளுமாக இருக்கும். ஓடு பலமாக இருந்தால் உள்ளே இருப்பது பத்திரம் என்றுதான் தோன்றும். ஆனால் பழுதான கேஸ்களைப் பிரித்துப் பார்த்தால் ஓடு உடைந்திருப்பது அபூர்வம். கேபிள் செருகும் சாக்கெட் ஆடிப் போயிருக்கும். அல்லது டிஸ்க் உள்ளே அசைந்து அதன் இணைப்பு தளர்ந்திருக்கும். அல்லது டிஸ்க்குக்கு மின்சாரம் போதாமல் அடிக்கடி துண்டித்துத் துண்டித்துத் தகவல் கெட்டிருக்கும். இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் ஓட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேஸுக்கு முன்னால் டிஸ்க்

2.5 அங்குல டிஸ்க்கின் அகலம் சுமார் 70 மி.மீ., நீளம் 100 மி.மீ. இவை மாறுவதில்லை, தடிமன்தான் மாறும். லேப்டாப்பில் வந்தது 7 அல்லது 9.5 மி.மீ. இருக்கும். ரெடிமேட் எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து எடுத்தது 12.5 அல்லது 15 மி.மீ. கூட இருக்கலாம். சாதாரண கேஸ்கள் 9.5 வரைக்கும்தான். ஒரு ஸ்கேலை வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போனால் போதும்.

அடுத்து முனையைப் பாருங்கள். பின் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காமல், 'எல்' வடிவத்தில் இரண்டு தட்டை நாக்குகள், சின்னது 7 தொடுமுனை, பெரியது 15 தொடுமுனை என்று இருந்தால் அது சாட்டா என்ற இணைப்பு வகை. இன்று விற்கும் 2.5 அங்குல கேஸ்கள் பெரும்பாலும் இதற்கானவை. இரண்டு வரிசையாக ஊசி ஊசியாக 44 பின் இருந்தால் அது ஐடிஇ என்ற பழைய வகை. அதற்குத் தனி கேஸ் வேண்டும். சில லேப்டாப்புகளில் டிஸ்க்கின் முனையில் ஒரு சின்ன இடைத்துண்டு மாட்டியிருப்பார்கள். அதை நேராக இழுத்துக் கழற்றினால் உள்ளே சாட்டா முனை தெரியும். ரெடிமேட் எக்ஸ்டர்னல் டிஸ்க் பலவற்றில் யுஎஸ்பி சாக்கெட்டையே டிஸ்க்கின் போர்டில் பற்றவைத்திருக்கிறார்கள். சாட்டா முனையே இருக்காது. அந்த டிஸ்க்கை வேறு கேஸுக்கு மாற்றும் பேச்சே இல்லை.

பிறகு டிஸ்க்கின் உடல்நிலை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதன் 'ஸ்மார்ட்' பதிவுகளைக் காட்டும். 5, 197, 198 என்ற மூன்று எண்களுக்கு நேராக மூல மதிப்பு (ரா வேல்யூ) பூஜ்யமாக இருக்க வேண்டும். 5 என்பது கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய இடங்கள். 197 படிக்கத் திணறும் இடங்கள். 198 திருத்தவே முடியாதவை. 197-ல் பத்து இருபது என்று எண் நின்றால் அந்த டிஸ்க்குக்குக் கேஸ் வாங்குவது வீண்செலவு. லேப்டாப் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டதாக இருந்தால், உள்ளே இருப்பதைப் படிக்க மீட்புச் சாவி வேண்டும். லேப்டாப்பை யாருக்காவது கொடுப்பதற்கு முன் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போவது சாக்கெட்

பல ஆண்டுகளாக இந்த கேஸ்களில் வந்தது தட்டையான, அகலமான, இரண்டு துண்டாகப் பிரிந்த சாக்கெட். மைக்ரோ-பி என்பார்கள். வேகத்தில் குறையில்லை. குறை அதன் பிடிப்பில் இருக்கிறது. அகலமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் கேபிளை யாராவது பக்கவாட்டில் இழுத்தால் அந்த விசை முழுதும் போர்டில் உள்ள ஈயப் பற்றில் போய் விழுகிறது. சில மாதங்களில் 'இப்படி அழுத்திப் பிடித்தால் வருகிறது' என்ற நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் ஒரு கோப்பை எழுதும்போது இணைப்பு அறுந்தால், அந்தக் கோப்பு மட்டுமல்ல, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் டிஸ்க்கின் அட்டவணையே கெடலாம்.

அதனால் டைப்-சி சாக்கெட் உள்ளதை வாங்குங்கள். 10,000 முறை செருகி எடுக்கும் கணக்கில் வடிவமைத்தது அது. பாதி வழியில் கேபிள் தொலைந்தாலும் கானாடுகாத்தானில் எந்த வீட்டிலும் ஒரு டைப்-சி கேபிள் கிடைக்கும். அகல மைக்ரோ-பி கேபிளை அன்றைக்கே தேடி எடுப்பது கடினம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். போன் சார்ஜருடன் வரும் கேபிள்கள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும் உள்ளவை. வேலை செய்யும், ஆனால் வேகம் நொடிக்கு 35 முதல் 40 எம்பி என்று இறங்கிவிடும். 500 ஜிபி நகலெடுக்க நான்கு மணி நேரம் ஆகும். நொடிக்கு 100 எம்பி வந்தால் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும்.

டைப்-சியிலும் மலிவு கேஸ்களில் ஒரு பழுது ஒளிந்திருக்கிறது. ஒரு பக்கம் பழைய அகலமான ஏ முனை, மறுபக்கம் சி முனை உள்ள கேபிளில் ஓடும். இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் விளக்கே எரியாது. சாக்கெட்டின் சிசி தொடுமுனைகளில் இருக்க வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களைப் போடாமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால், எதிரே ஒரு கருவி இருப்பதே லேப்டாப்புக்குத் தெரியாது, மின்சாரம் விடாது. காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடையிலோ வேறெங்கோ, பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு வகைக் கேபிளிலும் செருகிப் பார்த்துவிடுங்கள்.

கேஸ் திறந்திருக்கும்போது சாக்கெட்டின் உலோகக் கால்களையும் கவனிக்க வேண்டும். போர்டில் துளையிட்டு மறுபக்கம் வரை இறங்கிப் பற்றவைத்திருந்தால் உறுதி. மேல்பரப்பில் மட்டும் ஒட்டியிருந்தால் ஆயுள் குறைவு. சாக்கெட்டைச் சுற்றி ஓட்டின் விளிம்பு நெருக்கமாக இருப்பதும் நல்லது. கேபிள் ஆடும்போது விசையை ஓடு வாங்கிக்கொள்ளும்.

உள்ளே ஆடக் கூடாது

9.5 மி.மீ. இடத்தில் 7 மி.மீ. டிஸ்க்கை வைத்தால் 2.5 மி.மீ. காலி. நல்ல கேஸில் இதற்கென்று ஒரு ஃபோம் அட்டை கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் ஷீட்டை வெட்டி வைக்கலாம். வைக்காமல் விட்டால் டிஸ்க்கின் எடை முழுவதையும் அந்தச் சாட்டா முனை ஒன்றே தாங்கி நிற்கும். பேருந்தில் திருச்சி போய் வருவதற்குள் தொடுமுனை தேய ஆரம்பிக்கும்.

ஃபோம் வைக்கும்போது டிஸ்க்கின் மேல் மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மூடக் கூடாது என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக அது திறந்திருக்க வேண்டும். பசை நாடா எதையும் அதன்மேல் ஒட்டாதீர்கள். பச்சை போர்டு தெரியும் பக்கம் அலுமினியத்தில் நேரடியாகப் படக் கூடாது; இடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்க வேண்டும்.

ஸ்க்ரூ போட்டு மூடுவதா, தள்ளித் திறக்கும் மூடியா என்ற கேள்விக்குப் பதில் தெளிவானது: ஸ்க்ரூ. தள்ளு மூடி வாரம் ஒரு டிஸ்க் மாற்றும் சர்வீஸ் மேசைக்கு வசதி. வருஷக் கணக்கில் ஒரே டிஸ்க் இருக்கும் கேஸுக்கு அது தேவையில்லை. அதன் பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்து மூடி தானாக நகரத் தொடங்கும். டிஸ்க்கைப் பக்கவாட்டில் இறுக்கும் இடம் இருந்தால் எம்3 ஸ்க்ரூ, 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் உள்ளே போகாததாகப் பார்த்துப் போடுங்கள். நீள ஸ்க்ரூவைத் திருகினால் உள்ளே எதிலாவது போய் முட்டும்.

கல் தரையில் விழுந்தால்

இந்தப் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடி ஓடும் கருங்கல்லும் பளிங்கும்தான் தரை. வளவின் (முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) ஓரம் முழுக்கக் கல். விழுந்த பொருளுக்கு இடம் கொடுக்கும் தரையே இல்லை. அதனால் கேஸ் தேர்வில் இதற்குத் தனிக் கணக்கு உண்டு.

விழும் பொருளுக்கு ஏற்படும் அதிர்ச்சியை எளிதாகக் கணக்கிடலாம்: விழுந்த உயரத்தை, நிற்பதற்குள் அமுங்கிய தூரத்தால் வகுத்தால் சராசரி அதிர்ச்சி, புவியீர்ப்பின் மடங்காக வரும். 75 செ.மீ. மேசையிலிருந்து அலுமினியப் பெட்டி கல்லில் விழுந்து 1 மி.மீ. மட்டும் அமுங்கினால் சராசரி 750 மடங்கு. உச்சம் அதைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு போகும். அதே பெட்டிக்கு மேல் சிலிக்கான் உறை இருந்து 4 மி.மீ. அமுங்கிக் கொடுத்தால் சராசரி 190-க்குக் கீழே வந்துவிடும். உச்சம் 300, 400 அளவு. லேப்டாப் டிஸ்க் தயாரிப்பாளர்கள் தரும் தாங்கும் அளவு, ஓடாமல் இருக்கும்போது 800 முதல் 1,000. ஓடும்போது 350, 400. ஆக வெறும் உலோகப் பெட்டியில், நிறுத்தி வைத்த டிஸ்க்கே தப்பிப்பது சந்தேகம். சிலிக்கான் உறையோடு விழுந்தால் நிறுத்திய டிஸ்க் தப்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் அப்போதும் எல்லைக் கோட்டில்தான் நிற்கும்.

ஓடும்போது இவ்வளவு பலவீனம் ஏன் என்றால், படிக்கும் தலை சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. கரண்ட் நின்றதும் தலை தட்டை விட்டு விலகி, ஓரத்தில் உள்ள சரிவுமேடையில் ஏறி நின்றுகொள்ளும். அங்கே நிற்கும் வரைக்கும் அது பத்திரம். ஆகவே 'இஜெக்ட்' கொடுத்து, கேபிளைக் கழற்றி, பத்து நொடி பொறுத்துத் தூக்குவது எந்த விலை உயர்ந்த கேஸும் தராத பாதுகாப்பு. டிஸ்க் ஓடும்போது லேப்டாப்போடு சேர்த்து மடியில் வைத்துக்கொள்வதையும், டிவிக்குப் பின்னால் கேபிளில் தொங்கவிடுவதையும் அடியோடு நிறுத்த வேண்டும்.

டப்பாவில் எம்ஐஎல்-எஸ்டிடி-810ஜி என்ற அமெரிக்க ராணுவத் தரத்தின் பெயரைப் பெரிதாக அச்சிட்டிருக்கும். அந்தத் தரத்தின் விழுதல் சோதனை 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை; விழும் தரை, கான்கிரீட்டின் மேல் பரப்பிய 2 அங்குலப் பலகை. நேராகக் கல்லில் விழுவதற்கு அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே எஸ்எஸ்டியை வைத்துச் சோதித்தார்களா, ஹார்டு டிஸ்க்கையா என்பதையும் டப்பாவில் தேடிப் பாருங்கள்.

எங்கள் தேர்வு: உள்ளே ஸ்க்ரூ வைத்த அலுமினியப் பெட்டி, வெளியே கழற்றக்கூடிய, குறைந்தது 4, 5 மி.மீ. தடித்த, மூலைகளில் இன்னும் தடித்த சிலிக்கான் உறை. கழற்ற முடிவது முக்கியம். அதற்குக் காரணம் வெப்பம்.

வெயிலும் செம்மண்ணும்

லேப்டாப் டிஸ்க் ஓடும்போது சுமார் 2 வாட் வெப்பம் விடும். வேலை செய்யும் எல்லை 60 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரி இருக்க, முழுக்க மூடிய பிளாஸ்டிக் கேஸில் இரண்டு மணி நேரம் நகலெடுத்தால் டிஸ்க் 50-ஐத் தாண்டுவது சாதாரணம். அலுமினியம் இந்த வெப்பத்தை வெளியே கடத்தும். பிளாஸ்டிக்கும் ரப்பரும் உள்ளேயே பிடித்து வைக்கும். நீண்ட நேரம் நகலெடுக்கும்போது சிலிக்கான் உறையைக் கழற்றி, தரையிலேயே வைத்துவிடுங்கள். தரையில் இருப்பது விழாது, ஆத்தங்குடி ஓட்டின் குளிர்ச்சியும் கிடைக்கும்.

தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள வீட்டுக்குள் வெப்பம் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து பூட்டிய காரில். நேர்வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். டிஸ்க் ஓடாமல் சும்மா இருப்பதற்கான எல்லையே 65, 70 டிகிரிதான்.

ஐபி67 என்ற முத்திரை உள்ள முழு அடைப்புக் கேஸ்களும் இருக்கின்றன. 6 என்றால் தூசி நுழையாது; 7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். சாக்கெட்டின் மேல் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால் மட்டும். கேபிள் செருகியிருக்கும்போது அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. மழைக்காலத்தில் பைக்கில் போகிறவர்களுக்கு அது உதவும். மற்றவர்களுக்குச் செம்மண் தூசிதான் பிரச்சினை. அதற்குப் பஞ்சு வைத்த ஜிப் பவுச் போதும். சாக்கெட்டுக்குள் புழுதி அடையாது. பவுச்சுக்குள் வைத்தபடியே டிஸ்க்கை ஓட்டாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பூட்டிய வீட்டின் அலமாரியில் டிஸ்க்கை விட்டுப் போவதானால், மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பை ஒன்றிரண்டோடு வையுங்கள். ஏசி அறையிலிருந்து ஈரக் காற்றுக்கு வந்ததும் செருகாமல் அரை மணி பொறுத்தால், உள்ளே பனித்தால்கூட உலர்ந்துவிடும்.

மின்சாரம் போதாத டிஸ்க்

டிஸ்க்கின் லேபிளில் 5 வோல்ட், 0.55 முதல் 1 ஆம்பியர் வரை என்று ஓர் எண் இருக்கும். சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் 1 ஆம்பியர் வரை இழுக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 0.5; 3.0 போர்ட் தருவது 0.9, டைப்-சி போர்ட்கள் பல 1.5 அல்லது 3 ஆம்பியர் தரும். பழைய டிவியிலும் முன்பக்க யுஎஸ்பியிலும் டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டு ஏறாமல் நிற்பது இதனால்தான். டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வதற்குள் கணினியின் பின்பக்க 3.0 போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

கேபிளும் இதில் கூட்டுக் களவாணி. டிஸ்க்குக்கு 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. மெல்லிய 28 கேஜ் கம்பியில் 1 மீட்டர் கேபிள் போட்டால், போக வர இரண்டு கம்பியிலும் சேர்த்து சுமார் 0.43 ஓம். 1 ஆம்பியர் ஓடும்போது 0.43 வோல்ட் வழியிலேயே போய்விடும். மிஞ்சுவது 4.57. அதே கம்பி 30 செ.மீ. என்றால் இழப்பு 0.13 வோல்ட்தான். கேஸோடு குட்டைக் கேபிள் கொடுப்பதன் காரணம் இதுவே. நீளம் வேண்டுமானால் 24 கேஜ் மின்கம்பி உள்ள கேபிளாக வாங்குங்கள். 1 மீட்டரிலும் 0.17 வோல்ட்டுக்கு மேல் போகாது.

நம் ஊரில் கரண்ட் சொல்லாமல் போகும். பெரிய நகல் வேலையை யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் செய்யாமல், பேட்டரி உள்ள லேப்டாப்பில் செய்யுங்கள். டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது, விண்டோஸ் மட்டும் பயன்படுத்தும் குடும்பம் என்றால் என்டிஎஃப்எஸ் முறையில் போடுங்கள். அது மாற்றங்களை முன்கூட்டிப் பதிந்து வைப்பதால், நடுவில் அறுந்தாலும் மீளும் வாய்ப்பு அதிகம். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். அதில் அந்தப் பதிவு இல்லை, அதனால் இஜெக்ட் கொடுப்பதில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

சிப்பும் வேகமும்

கேஸுக்குள் சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் சிப் ஒன்று உண்டு. ஜேமைக்ரானின் ஜேஎம்எஸ்578, ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்1153இ போன்றவை நெடுநாள் பழகியவை. ஸ்மார்ட் பதிவுகளையும் வெளியே காட்டும். சிப் பெயரே சொல்லாத கேஸை விட, சொல்லும் கேஸ் நல்லது. 10 ஜிபிபிஎஸ் என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் லேப்டாப் டிஸ்க் நொடிக்கு 80 முதல் 130 எம்பிதான் தரும். அதற்கு 5 ஜிபிபிஎஸ் யுஎஸ்பி 3.0 தாராளம். 7 மி.மீ. தடிமனுள்ள 1 டிபி டிஸ்க்குகள் பலவும் எஸ்எம்ஆர் வகை, அதாவது தகவல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுபவை. தொடர்ந்து எழுதினால் பாதியில் வேகம் மிகவும் குறைந்துவிடும். அது கேஸின் குற்றம் இல்லை.

கேபிளின் ஏ முனை நீலமாக இருப்பதால் மட்டும் அது 3.0 ஆகிவிடாது. முனைக்குள் எட்டிப் பாருங்கள்: முன்னால் நான்கு தகடு, பின்னால் இன்னொரு வரிசையில் ஐந்து. பின்வரிசை இல்லை என்றால் அது நீலச் சாயம் பூசிய 2.0.

மாட்டிய பிறகு

சாட்டா முனையைச் சாய்க்காமல், இரண்டு கட்டை விரலாலும் சமமாக அழுத்தி நேராகச் செருகுங்கள். லேப்டாப் வகைச் சாட்டா சாக்கெட் நூற்றுக்கணக்கான முறைக்கு மேல் கழற்றி மாட்டத் தகுந்ததல்ல. சும்மா சும்மா திறக்க வேண்டாம். மூடி இறுக்கியதும் காதருகே மெதுவாக அசைத்துப் பாருங்கள், எந்தச் சத்தமும் வரக் கூடாது.

பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 199 என்ற எண்ணின் (டிஸ்க்குக்கும் கேஸுக்கும் இடையே தகவல் போகும்போது நேர்ந்த பிழைகளின் கணக்கு) மூல மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் டிஸ்க்கில் காலியாக உள்ள இடம் முழுதும் எழுதிப் படிக்கவிட்டு, ஒரு இரவு ஓட விடுங்கள். காலையில் பிழை எதுவும் இல்லாமல் முடிந்து, 199 அதே எண்ணில் நின்றால் மாட்டல் சரி. 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்குக்கும் கேஸின் சாட்டா முனைக்கும் இடையே தொடுப்புச் சரியில்லை. ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். மறுபடியும் ஏறினால் கேஸை மாற்ற வேண்டியதுதான். கடையில் மாற்றிக் கொடுக்கும் நாள் எத்தனை என்று வாங்கும்போதே கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். கல்யாண வீடியோவையும் பேரேட்டு ஸ்கேனையும் அதற்குப் பிறகு ஏற்றலாம். அப்போதும் இன்னொரு நகல் வேறொரு வீட்டில் இருக்கட்டும்.